ஒரு கண்ணி விட்டுப்போனால் என்ன?

கையால் பின்னிய மஃப்ளரில் கோணலும் ஓட்டையும் சகஜம். போட்டுக்கொள்பவருக்கு அது அழகு. பின்னிப் பிழைப்பவருக்கோ அதே கோணல் கூலியில் விழும் அடி.

டில்லியில் டிசம்பர் பிறந்துவிட்டால் டிரங்குப் பெட்டிகள் திறக்கின்றன. ரஜாய், கம்பளி, ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றாக மொட்டைமாடி வெயிலுக்கு வருகின்றன. பெட்டியின் அடியிலிருந்து, அந்துருண்டை வாசனையோடு, எப்படியும் ஒரு பழைய மஃப்ளர் வெளிப்படும். ஒரு முனையில் அதன் அகலம் ஒரு சாண். மறு முனையில் ஒன்றரைச் சாண். நடுவில் எங்கோ ஒரு கண்ணி விட்டுப்போய், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. பாதிக்கு மேல் பச்சை நிறம் லேசாக வெளுத்திருக்கும். முதலில் வாங்கிய நூலுருண்டைகள் தீர்ந்துபோய், அதே கடையில் அதே எண்ணைச் சொல்லி மறுபடி வாங்கியபோது சாயம் ஒரு மாற்றுக் குறைந்திருந்தது.

கடையில் தொங்கவிட்டால் இதை யாரும் வாங்க மாட்டார்கள். வீட்டிலோ தூக்கிப் போடச் சொன்னால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். பாட்டி பின்னியதாக இருக்கும். அல்லது பள்ளிக்கூடத்துக் கைவேலை வகுப்பில் மகள் முதன்முதலாக முடித்ததாக இருக்கும். லூதியானாவின் இயந்திரம் ஒன்று சில நிமிடங்களில் துப்பிவிடும் மஃப்ளர், ஓரம் நூல் பிடித்தாற்போல நேராக, ஒரு கண்ணி பிசகாமல் இருக்கும். அது கிழிந்தால் இன்னொன்று வாங்குவார்கள். இது கிழிந்தால் ஒட்டுப்போடுவார்கள்.

இந்த வேறுபாட்டைப் பாசம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் பாசத்துக்கு அடியில் கொஞ்சம் தொழில்நுட்பமும், நிறைய வரலாறும், யாரும் உரக்கப் பேச விரும்பாத ஒரு கூலிக் கணக்கும் இருக்கின்றன.

கோணலைப் படிக்கும் கலை

பின்னல் தெரிந்தவர்கள் ஒரு மஃப்ளரைக் கையில் எடுத்தால் கடிதம் படிப்பதுபோல் படித்துவிடுவார்கள். முதல் நாலு விரல்கடை நீளத்துக்குக் கண்ணிகள் இறுகிக் கிடந்தால் பின்னியவர் கற்றுக்குட்டி. நூல் நழுவிவிடுமோ என்ற பயத்தில் இழுத்துப் பிடித்திருக்கிறார். போகப் போகக் கை இளகும். கண்ணியும் இளகும். அதனால்தான் மஃப்ளர் போகப் போக அகலமாகிறது. நடுவில் திடீரென்று மறுபடியும் நெருக்கம் வந்தால் அது மாதக்கணக்கில் மூலையில் கிடந்து மீண்டும் எடுக்கப்பட்டதாக இருக்கலாம். அல்லது அன்றைக்கு மனசு சரியில்லாமல் இருந்திருக்கலாம்.

இரண்டு ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஒரே சமயத்தில் ஊசியில் ஏறி நிற்கின்றன. அவற்றில் ஒன்று நழுவினால் அதற்குக் கீழே இருப்பதும், அதற்கும் கீழே இருப்பதும் ஏணிப்படி போல அவிழ்ந்துகொண்டே போகும். வடநாட்டுப் பெண்கள் 'ஸீதா', 'உல்டா' என்று சொல்லும் இரண்டே இரண்டு அடிப்படைக் கண்ணிகளில் அடங்கியதுதான் இந்த வித்தை. ஒரு வரிசை ஸீதா, அடுத்த வரிசை உல்டா என்று மாற்றி மாற்றிப் போட்டால் முகப்பு வழவழப்பாக வரும். ஆனால் ஓரங்கள் பாய் போலச் சுருட்டிக்கொள்ளும். ஆசையாகத் தொடங்கிய முதல் மஃப்ளர்கள் பல கடைசியில் குழாயாகிவிடுவது இதனால்தான். நூல் தெரியாத்தனமாக ஊசியின் மேல் ஒரு சுற்றுக் கூடுதலாக விழுந்துவிட்டால் வரிசையில் ஒரு கண்ணி அதிகமாகும். அந்த இடத்தில் ஓட்டையும் விழும்.

குரோஷாவில் நிலைமை வேறு. அங்கே முனையில் கொக்கி வைத்த ஊசி ஒன்றுதான். பெயரே பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கி என்று பொருள்படுவதுதான். சாதாரணமாக ஒரு கண்ணி முடிந்து அடுத்தது தொடங்கும் நேரத்தில் ஊசியில் இருப்பது ஒரே ஒரு வளையம். நழுவினாலும் சேதம் சில கண்ணிகளோடு நின்றுவிடும். ஆபத்து ஓரத்தில் இருக்கிறது. வரிசை திரும்பும்போது கடைசிக் கண்ணியைக் கவனிக்கத் தவறினால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்று குறையும். சதுரமாகத் தொடங்கியது, கவனிப்பதற்குள் முக்கோணமாகியிருக்கும்.

இவற்றில் சிலவற்றுக்கு மருந்து உண்டு. முடிந்த பின்னலை நனைத்து, சமமாக விரித்து, ஓரங்களில் குண்டூசி குத்திக் காயவைத்தால் கோணலில் ஒரு பங்கு மறையும். மிச்சம் நிற்கும். பாரசீகக் கம்பள நெசவாளர்கள், முழுமை கடவுளுக்கு மட்டுமே உரியது என்பதற்காக வேண்டுமென்றே ஒரு பிழையை விடுவார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. வீட்டு மஃப்ளர்களுக்கு அப்படிச் சிரமப்பட வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

தவறே புகழாகிவிட்ட கதையும் உண்டு. பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் 1974இல் புதிய நாயகனாக வந்த டாம் பேக்கருக்கு ஒரு ஸ்கார்ஃப் தேவைப்பட்டது. உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்சிசன், பல வண்ணங்களில் தேவைக்கு அதிகமாகவே நூலை வாங்கி பிகோனியா போப் என்ற பின்னல்காரரிடம் கொடுத்தார். எவ்வளவு பின்னுவது என்ற பேச்சு எழாததால் அவர் இருந்த நூல் முழுவதையும் பின்னிவிட்டார். கழுத்தில் பல சுற்றுச் சுற்றியும் தரையைத் தொட்ட அந்த ஸ்கார்ஃப், தொடரின் அடையாளமாகவே ஆகிப்போனது.

வெயிலில் ஓடிய ஊசிகள்

இமயமலை நாடுகளில் கம்பளி நெசவு பழமையானது. ஊசிப் பின்னல் பிறகு வந்தது. பெரும்பாலும் ஐரோப்பியர்களோடு வந்தது. ஹிமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் இருக்கும் கேலாங்கில் 1850களில் மொரேவியன் மிஷனரிகள் வந்து தங்கினார்கள். அவர்களில் ஒருவரான வில்ஹெல்ம் ஹைடேயின் மனைவி மரியா, உள்ளூர்ப் பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தார். லாஹௌல் பெண்கள் அதைத் தங்கள் நிறங்களாலும் கோலங்களாலும் தமதாக்கிக்கொண்டார்கள். ரோதாங் கணவாய் பனியால் அடைபட்டு, ஆண்டில் பல மாதங்கள் பள்ளத்தாக்கு வெளியுலகத் தொடர்பற்றுக் கிடந்த காலம் அது. அந்த மாதங்களில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பின்னிய காலுறைகளும் கையுறைகளும் 2021இல் புவிசார் குறியீடு பெற்றன. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதால் பள்ளத்தாக்குக்கு இப்போது குளிர்காலத்திலும் வழி இருக்கிறது. அந்த வழியில் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். இயந்திரச் சரக்கும் வருகிறது.

சமவெளியில் பின்னல் குளிர்காலத்தின் சமூக வாழ்க்கையாகவே இருந்தது. வீட்டு வாசலில், பூங்காவில், பஸ்ஸில், பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் ஊசிகள் ஓடிக்கொண்டிருந்தன. மத்திய அரசு அலுவலகங்களில் மதிய உணவு இடைவேளை முடிந்தும் முடியாத ஊசிகள் வேடிக்கைப் பேச்சுக்கு நிரந்தர விஷயம். இந்தி மகளிர் பத்திரிகைகள் குளிர்காலம் வந்தால் பின்னல் சிறப்பிதழ் போட்டன. வேலை நிமித்தம் வடக்கே போய் கரோல்பாக்கிலும் பிற்பாடு ராமகிருஷ்ணபுரத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமியிடம் கற்ற 'ஏக் ஸீதா, ஏக் உல்டா' பல சமயம் இந்தியின் அரிச்சுவடியாகவும் இருந்தது.

நூலை வீணாக்கும் வழக்கம் இல்லை. மூத்தவனுக்குச் சிறுத்துப்போன ஸ்வெட்டரை அவிழ்த்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி, கழுவி, சுருக்கம் போகக் காயவைத்து, இளையவனுக்கு மறுபடியும் பின்னினார்கள். அதுவும் தேய்ந்தால் குல்லா. கடைசி மிச்சம் மஃப்ளரில் கோடு. பல வீட்டு மஃப்ளர்களின் வினோதமான வண்ணக் கலவைக்கு அழகுணர்ச்சியைக் காட்டிலும் சிக்கனமே காரணம்.

நாட்டுக்காகவும் பின்னினார்கள். 1962 சீனப் போரில், போதிய குளிர் உடை இல்லாமல் ஜவான்கள் மலைமுகடுகளுக்கு அனுப்பப்பட்ட செய்தி பரவியதும் நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டரும் மஃப்ளரும் பின்னி அனுப்பினார்கள். அவற்றில் கோணல்கள் இல்லாமல் இருந்திருக்க முடியாது.

பிறகு இயந்திரம் வென்றது. பின்னல் இயந்திரத்துக்கு வயது நானூறுக்கு மேல். இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589இல் அதைக் கண்டுபிடித்தார். நமது நாட்டில் அதன் முழு வீச்சு தெரிந்தது லூதியானா உள்ளாடை, ஸ்வெட்டர் ஆலைகளின் வளர்ச்சியிலும், மலிவான அக்ரிலிக் நூலின் வரவிலும்தான். நூல் வாங்கும் காசில் ஆயத்த ஸ்வெட்டரே கிடைக்கும் என்ற நிலை வந்தபோது ஊசிகள் பரணுக்குப் போயின. குளிர்காலத்தில் நகரத்துக்கு நகரம் கடை பரப்பும் திபெத்திய அகதிகளின் கதையும் இதேதான். 1960களில் அவர்கள் தாங்களே பின்னிய ஸ்வெட்டர்களை விற்றார்கள். விற்பனை பெருகியதும் லூதியானாவின் மொத்த வியாபாரிகளிடம் சரக்கெடுக்கத் தொடங்கினார்கள். வாங்குபவர்களில் பலர் இன்னும் அதை இமயத்தில் பின்னியது என்றே நம்பி வாங்குகிறார்கள். கைப்பின்னலின் மேல் உள்ள ஆசை, கைப்பின்னலே இல்லாதபோதும் விலைபோகிறது.

மஃப்ளர் மட்டும் தன் மவுசை இழக்கவில்லை. 2014-15 குளிர்காலத்தில் அர்விந்த் கேஜ்ரிவாலின் தலையையும் காதையும் சுற்றியிருந்த மஃப்ளர், அவருடைய கட்சிக்குத் துடைப்பத்துக்கு அடுத்த சின்னமாகவே ஆனது. சாதாரண மனிதன் என்று சொல்ல வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இயந்திரம் தோற்ற இடம்

ஊசிப் பின்னலை வென்ற இயந்திரம் குரோஷாவிடம் தோற்றுவிட்டது. உண்மையான குரோஷாக் கண்ணியை அப்படியே போடும் ஆலை இயந்திரம் இன்றுவரை புழக்கத்தில் இல்லை. பார்வைக்கு அதுபோல இருக்கும் துணியை வேறு வகைப் பின்னல் இயந்திரங்கள் தயாரிக்கின்றன. எனவே கடையில் தொங்குவது அசல் குரோஷா என்றால், ஸ்கார்ஃப் ஆனாலும் சட்டை ஆனாலும் பை ஆனாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் போட்டிருக்கிறார். அது அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் அந்த யாரோ ஒருவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய பொருளாதாரம் தேவையில்லை.

ஊகிக்க வேண்டாம், போய்ப் பார்த்து எழுதியவரே இருக்கிறார். ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில், கோதாவரி கடலைத் தொடும் இடத்துக்கு அருகே இருக்கிறது நர்சாபூர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிஷனரிகள் இங்கே குரோஷா லேஸைக் கொண்டுவந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் தலைவிரித்தாடியது. அங்கே கன்னியர் மடங்கள் ஏழைப் பெண்களுக்குக் குரோஷாவைப் பிழைப்பாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தன. பஞ்சம், மிஷன், பெண்கள், கொக்கி ஊசி ஆகிய நான்கும் பல நாடுகளில் சேர்ந்தே காணப்படுகின்றன. தமிழகத்திலும் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820களை ஒட்டி லேஸ் வேலையைத் தொடங்கிவைத்தார். அது குரோஷா அல்ல, திண்டின் மேல் நூற்குச்சிகளை மாற்றிமாற்றிப் போட்டுப் பின்னும் வகை. அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தைக் கொண்டு விடுதலையை வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் பதிவு செய்கின்றன.

நர்சாபூரின் கதை அவ்வளவு மகிழ்ச்சியானது அல்ல. ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1970களின் இறுதியில் அங்கே ஆய்வு செய்து, 1982இல் 'நர்சாபூரின் லேஸ் பின்னுவோர்' என்ற நூலை வெளியிட்டார். வெளிநாட்டு மேஜைகளையும் ஜன்னல்களையும் அலங்கரிக்கும் லேஸை வீட்டுக்குள் உட்கார்ந்து பின்னிய பெண்கள், சமையலும் பிள்ளை வளர்ப்பும் போக நாள்தோறும் பல மணி நேரம் அதில் செலவிட்டார்கள். கிடைத்தது, வயலில் வேலை செய்யும் பெண்களுக்கான குறைந்தபட்சக் கூலியைவிட வெகு குறைவு. ஒருவர் பூ பின்னினார், இன்னொருவர் பூக்களை இணைத்தார்; முழுப் பொருளும் என்ன விலைக்குப் போனது என்பது யாருக்கும் தெரியவில்லை. வாங்கி விற்றவர்கள் ஆண்கள். பின்னியவர்களோ வேலை செய்பவர்கள் என்றே கணக்கில் வரவில்லை. ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்கும் இல்லத்தரசிகள் என்று அவர்களைச் சொல்வதில் எல்லோருக்கும் வசதி இருந்தது. 2023இல் மறைந்த மீஸ், பெண்களின் உழைப்பை வீட்டு வேலையாகக் காட்டி மலிவாக்கும் இந்தப் போக்கைத் தம் வாழ்நாள் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார்.

அதன்பின் கோதாவரியில் நிறையத் தண்ணீர் ஓடியிருக்கிறது. கூட்டுறவுச் சங்கமும் லேஸ் பூங்காவும் வந்தன. சீனத்து இயந்திர லேஸ் சந்தையில் புகுந்து விலையை உடைத்தது. 2024இல் நர்சாபூர் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காப்பாற்றும். கூலியைக் காப்பாற்றும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை.

இங்கேதான் கோணலின் மறுபக்கம் தெரிகிறது. நகரத்துக் கடையில் கைப்பின்னல் ஸ்கார்ஃபின் மேல் ஒரு சீட்டு தொங்கும்: சிறு ஏற்றத்தாழ்வுகள் கைவேலையின் அழகு, குறையல்ல என்ற பொருளில். சீட்டில் உள்ளது உண்மைதான். ஆனால் அதே பொருள் கிராமத்தில் தரம் பார்க்கும் மேஜைக்கு வந்தபோது, அளவு ஓர் அங்குலம் தப்பினாலோ கையழுக்கு பட்டிருந்தாலோ திருப்பிக் கொடுக்கப்படுவதும் விலை குறைக்கப்படுவதும் ஒப்பந்தக் கைவேலையின் வாடிக்கை. ஏற்றுமதி ஆர்டரில் ஐந்நூறு துண்டுகள் என்றால் ஐந்நூறும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். கைகளிடம் இயந்திரத்தின் துல்லியத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். விற்கும்போது கையின் துல்லியமின்மையைச் சொல்லி விற்கிறார்கள்.

எட்டு மணி நேரத்தின் விலை

ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வரிசைக்கு 40 கண்ணி, 300 வரிசை என்று ஆறடி மஃப்ளர் ஒன்றைப் பின்னினால் மொத்தம் 12,000 கண்ணிகள். பழகிய கை நிமிடத்துக்கு 25 கண்ணி போட்டாலும் 480 நிமிடம், அதாவது நிற்காமல் எட்டு மணி நேரம் வேண்டும். கழுத்து வலிக்கு நிமிர்வதும் அடுப்பில் பால் பொங்குவதும் இதில் சேரவில்லை. நூல் செலவு 200 ரூபாய் என்றும் மஃப்ளர் 400 ரூபாய்க்குப் போகிறது என்றும் வைத்துக்கொண்டால், இடைத்தரகர் ஒருவரும் இல்லாமலே, பின்னியவருக்கு மணிக்கு 25 ரூபாய். வாங்குபவர், "கையால் பண்ணினதுதானே, கொஞ்சம் கோணலாக வேறு இருக்கு" என்று ஐம்பதைக் குறைத்தால் அந்த 25ம் 19க்குக் கீழே இறங்கிவிடும்.

இந்தக் கணக்கு தெரிந்ததால்தானோ என்னவோ, பின்னத் தெரிந்தவர்களில் பலர் விற்பதைவிடக் கொடுப்பதையே விரும்புகிறார்கள். விற்றால் உழைப்புக்கு அவமானமான ஒரு விலை கிடைக்கும். கொடுத்தால் விலையே கேட்கப்படாது.

சென்னை அதற்கு ஒரு பிரம்மாண்டமான உதாரணத்தைத் தந்திருக்கிறது. குளிர் என்றால் மார்கழி விடியல் மட்டுமே என்றிருக்கும் அந்த ஊரில், 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு 2016 ஜனவரியில் 11,000 சதுர மீட்டருக்கும் அதிகமான குரோஷாப் போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தது. பல ஊர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பெண்கள் பின்னியனுப்பிய சதுரங்களை இணைத்துச் செய்த போர்வை அது. அடுத்த ஆண்டு 14 கிலோமீட்டருக்கும் நீளமான ஸ்கார்ஃப். இல்லத்தரசி, மாணவி, ஓய்வுபெற்ற ஊழியர் என்று ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு இறுக்கம். சதுரத்தோடு சதுரம் துல்லியமாகப் பொருந்தியிருந்தால்தான் ஆச்சரியம். சாதனை முடிந்ததும் துண்டுகள் பிரிக்கப்பட்டுத் தேவைப்படுபவர்களுக்குப் போயின. உலகிலேயே பெரியது என்ற பட்டம் சில நாள். பிறகு ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய தோளுக்கான அளவு.

2020 ஊரடங்குக்குப் பிறகு ஊசிகள் பரணிலிருந்து மறுபடி இறங்கியிருக்கின்றன. யூட்யூபைப் பார்த்துக் கற்ற இளம் பெண்களும், கூச்சத்தோடு சில இளைஞர்களும் கொக்கி ஊசியைப் பிடிக்கிறார்கள். பாட்டியிடம் கற்றிருந்தால் தலையில் ஒரு குட்டு வாங்கியிருப்பார்கள். இப்போது தவறு நேர்ந்தால் படத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கிறார்கள். சிலர் இணையத்தில் விற்கவும் செய்கிறார்கள். தங்கள் விலையைத் தாங்களே சொல்லும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கிறது. நர்சாபூர்ப் பெண்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளாகக் கிடைக்காதது அது. ஆனால் அவர்கள் பின்னும் ஸ்கார்ஃப் போட்டி போட வேண்டியிருப்பது இயந்திரப் போலியின் விலையோடு.

கோணல் மஃப்ளரின் அழகை ரசிப்பவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை; அதில் சிரமமும் அதிகமில்லை. கைப்பின்னலை வாங்கினால் கண்ணிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். எட்டு மணி நேரத்துக்குத் தங்களுக்கு என்ன கிடைத்தால் ஒத்துக்கொள்வார்கள் என்று யோசித்துவிட்டுப் பேரம் பேசலாம். பெரும்பாலும் பேரம் நின்றுவிடும்.

டில்லி மொட்டைமாடியில் வெயில் சாய்ந்ததும் துணிகள் உள்ளே போகின்றன. பழைய பச்சை மஃப்ளரின் ஓட்டை இந்த வருஷம் சற்றுப் பெரிதாகியிருக்கும். பின்னல் தெரிந்த யாராவது ஒருவர் கொக்கி ஊசியால் நழுவிய கண்ணியைப் பிடித்து, ஏணிப்படி ஏறுவதுபோல ஒவ்வொன்றாக மேலே கொண்டுவந்து, வேறு நிற நூலால் ஒரு முடிச்சுப் போடுவார். மஃப்ளரில் இன்னொரு கோணல் சேரும். இன்னொரு குளிர்காலமும் சேரும்.